பொறுப்பு என்னுடையது

நுழையும்முன்

தலைமை என்றதும் மேடையும் மாலையும் ஆணையும் அதிகாரமுமே பலர் நினைவுக்கு வருகின்றன. ஆனால், எடுத்த செயல் கைகூடாமல் போன நாளில்தான் ஒருவருடைய தலைமைப் பண்பு முழுமையாக வெளிப்படுகிறது. அன்று அவர் என்ன பேசினார், யாருடைய அருகில் சென்று அமர்ந்தார் என்பவை அவரை அடையாளம் காட்டுகின்றன. இந்திய விண்வெளி வரலாற்றில் அத்தகைய நாள் ஒன்றையும் அந்நாளை எதிர்கொண்ட மூவரையும் இப்பாடம் அறிமுகப்படுத்துகிறது.

ஏறத்தாழ ஏழாண்டு உழைப்பு

சென்னைக்கு வடக்கே, பழவேற்காடு ஏரிக்கும் வங்காள விரிகுடாவுக்கும் இடையே நீண்டு கிடக்கும் தீவு ஸ்ரீஹரிகோட்டா. ஆந்திர மாநிலத்தைச் சேர்ந்த இத்தீவிலிருந்துதான் இந்தியாவின் செயற்கைக்கோள் ஏவூர்திகள் விண்ணுக்குச் செலுத்தப்படுகின்றன. 1970களின் தொடக்கத்தில் செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் நிறுத்தும் ஏவூர்தி இந்தியாவிடம் இல்லை. நம் நாட்டின் முதல் செயற்கைக்கோளான ஆரியபட்டாவும் 1975இல் சோவியத் நாட்டின் ஏவூர்தி வழியாகவே விண்ணை அடைந்தது. இந்நிலையை மாற்றுவதற்காக உருவானதே எஸ்.எல்.வி.-3 என்னும் ஏவூர்தித் திட்டம்.

இராமேசுவரத்தில் பிறந்த ஆ.ப.ஜெ. அப்துல் கலாம் அத்திட்டத்தின் இயக்குநராகப் பொறுப்பேற்றார். இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் தலைவராகச் சதீஷ் தவான் விளங்கினார். ஏவூர்தியை உருவாக்கும் பணி நடைபெற்ற, திருவனந்தபுரத்தின் விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்திற்கு உலோகவியல் அறிஞர் பிரம்ம பிரகாஷ் இயக்குநராக இருந்தார்.

எஸ்.எல்.வி.-3 ஏறத்தாழ 22 மீட்டர் உயரமும் 17 டன் எடையும் கொண்டது. நான்கு அடுக்குகளாக அமைந்தது. ஓர் அடுக்கு எரிந்து முடிந்ததும் அது கழன்று விழ, அடுத்த அடுக்கு எரியத் தொடங்கும். பறக்கும் திசை பிறழாமல் காப்பதற்குக் கட்டுப்பாட்டு அமைப்புகள் உண்டு. இரண்டாம் அடுக்கின் கட்டுப்பாட்டு அமைப்பில் எரிபொருளும், அதனை எரியச்செய்யும் அடர் நைட்ரிக் அமிலமும் ஒன்றுசேர்ந்தால்தான் திசையைத் திருத்தும் விசை பிறக்கும். அவ்வமிலம் இல்லையெனில் எரிபொருள் இருந்தும் பயனில்லை.

மருத்துவமனையில் ஓர் இரவு

ஏவுதலுக்கு முன்னர் இந்தக் கட்டுப்பாட்டு அமைப்பைத் தரையில் சோதித்தபோது விபத்து ஒன்று நேர்ந்தது. வால்வுகளுள் ஒன்று இயங்காததைக் கண்ட பணியாளர்கள், அதனைச் சரிபார்க்க அருகில் சென்றனர். அப்போது அமிலக் கலன் வெடித்தது. ஆறு பேர் மீது அமிலம் பட்டுக் கடுமையான தீப்புண்கள் உண்டாயின. அவர்கள் திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர்.

கலாம் அன்றிரவு வீடு திரும்பவில்லை. காயமுற்றவருள் ஒருவரின் படுக்கையருகே கண்விழித்து அமர்ந்திருந்தார். விடியற்காலை மூன்று மணியளவில் அந்தப் பொறியாளருக்கு நினைவு திரும்பியது. தம் உடல் வேதனையைப் பற்றி அவர் முதலில் பேசவில்லை. விபத்து நேர்ந்ததற்கு வருந்தினார். அதனால் பணியில் ஏற்பட்ட காலத்தாழ்வை ஈடுசெய்துவிடுவதாக உறுதி கூறினார். இந்நிகழ்வைக் கலாம் தம் தன்வரலாறான ‘அக்னிச் சிறகுகள்’ நூலில் நெகிழ்ச்சியுடன் பதிவு செய்துள்ளார்.

இத்தகைய பற்றுறுதியை ஆணையிட்டுப் பெற இயலாது. தம் துன்பத்தில் தலைவர் உடனிருப்பார் என்னும் நம்பிக்கை உள்ள இடத்தில்தான் அது வேர்கொள்ளும்.

ஐந்து நிமிடங்கள்

1979ஆம் ஆண்டு ஆகஸ்டு 10ஆம் நாள் காலை. இறங்குமுக எண்ணிக்கை முடிவை நெருங்கிக்கொண்டிருந்தது. அப்போது, கட்டுப்பாட்டு அமைப்பில் குறை இருப்பதாகக் கணினி எச்சரித்தது. அமிலம் சிறிது கசிவதும் தெரியவந்தது. உடனிருந்த வல்லுநர்கள் கணக்கிட்டுப் பார்த்து, இருப்பில் போதிய அளவு உள்ளது, அஞ்ச வேண்டியதில்லை என்றனர். நிறுத்துவதா, தொடர்வதா என்று முடிவு செய்ய வேண்டியவர் கலாம். அவர் தொடர முடிவு செய்தார்.

ஏவூர்தி சீறிப் பாய்ந்தது. முதல் அடுக்கு பிழையின்றி இயங்கியது. இரண்டாம் அடுக்கு தொடங்கியதும் ஏவூர்தி நிலைதடுமாறியது. ஏறத்தாழ ஐந்து நிமிடங்களில், பல்லாயிரவர் ஆண்டுக்கணக்கில் உழைத்த உழைப்பு வங்காள விரிகுடாவில் வீழ்ந்தது.

செய்தியாளர் முன்னிலையில்

அன்று செய்தியாளர் சந்திப்பு நடைபெற்றது. திட்ட இயக்குநர் என்ற முறையில் கேள்விகள் அனைத்தும் தம்மீதே பாயும் என்று கலாம் அஞ்சினார். ஆனால், தவான் அவரைப் பேசவிடவில்லை. தாமே செய்தியாளரை எதிர்கொண்டார். முயற்சி தோற்றது என்பதை மறைக்காமல் ஒப்புக்கொண்டார். நிறுவனத்தின் தலைவர் என்னும் நிலையில் பொறுப்பைத் தாமே ஏற்றார். தம் அறிவியலாளர்கள் கடுமையாக உழைத்துள்ளனர் என்றும், அவர்களுக்கு மேலும் துணைநின்றால் அடுத்த ஆண்டு வெற்றி பெறுவர் என்றும் உறுதியளித்தார்.

இதற்கு அவர் விலை கொடுக்க நேர்ந்தது. பொதுமக்களின் பணம் கடலில் கரைந்துவிட்டது என்னும் கடுமையான விமர்சனங்கள் எழுந்தன. அவற்றைத் தவான் தாங்கிக்கொண்டார். கீழிருப்பவர் ஒருவரின் பெயரைச் சொல்லி அவர் எளிதாகத் தப்பியிருக்கலாம். அப்படிச் செய்திருந்தால், அன்றோடு அக்குழுவில் எவரும் துணிந்து முடிவெடுக்க முன்வந்திருக்கமாட்டார்.

மூன்றாம் முறை வந்தவர்

உடலாலும் மனத்தாலும் சோர்ந்துபோன கலாம் தம் அறைக்குச் சென்று படுக்கையில் சாய்ந்தார், அப்படியே உறங்கிவிட்டார். மாலை நெருங்கும் வேளையில் ஒருவர் அவர் தோளை மெல்லத் தொட்டு எழுப்பினார். கண்விழித்துப் பார்த்தபோது, படுக்கையருகே பிரம்ம பிரகாஷ் அமர்ந்திருந்தார். உணவருந்தச் செல்லலாமா என்று மட்டுமே அவர் கேட்டார்.

அதற்கு முன்பே இருமுறை அவர் அங்கு வந்திருந்தார் என்பதும், உறங்குபவரை எழுப்ப மனமின்றித் திரும்பிச் சென்றார் என்பதும் பின்னர்தான் கலாமுக்குத் தெரியவந்தன. பிரம்ம பிரகாஷும் அன்று பசித்தே இருந்திருக்க வேண்டும். அவருடைய மையம் உருவாக்கிய ஏவூர்திதான் கடலில் வீழ்ந்திருந்தது. எனினும், அந்த நேரத்தில் அவர் விளக்கம் கேட்கவில்லை, அறிவுரையும் கூறவில்லை. முன்பு காயமுற்ற பொறியாளரின் படுக்கையருகே கலாம் அமர்ந்திருந்தார். இப்போது கலாமின் படுக்கையருகே அவருடைய மூத்தவர் அமர்ந்திருந்தார். பரிவு இவ்வாறுதான் ஒரு நிறுவனத்தின் பண்பாடாக வளர்கிறது.

அவையில் எழுந்து நின்றவர்

பரிவு காட்டியதால் ஆராய்ச்சி தளரவில்லை. மறுநாளே ஆய்வுக்கூட்டம் கூடியது. பின்னர் அமைந்த குழு தோல்விக்கான காரணத்தைப் படிப்படியாகக் கண்டறிந்தது. அமிலக் கலனின் வால்வில் மாசு சிக்கியதால், அது மூடாமல் திறந்தே இருந்துவிட்டது. அதன் வழியே அமிலத்தின் பெரும்பகுதி வெளியேறியது. இரண்டாம் அடுக்கிற்கு விசை தேவைப்பட்டபோது எரிபொருள் மட்டுமே வந்தது, விசை பிறக்கவில்லை.

இம்முடிவுகள் தவான் தலைமையிலான மூத்த அறிவியலாளர் கூட்டத்தில் வைக்கப்பட்டன. காரணம் தெளிவாகிவிட்டதால் அனைவரும் நிறைவடைந்தனர். கலாமின் உள்ளம் மட்டும் அமைதியடையவில்லை. மாசு சிக்கியது வால்வின் குற்றம். ஆனால், கசிவைக் கண்ட பின்னும் அதனைச் சிறிதென மதித்தது யார் குற்றம்? அவர் எழுந்து நின்றார். கசிவைப் பொருட்படுத்தாமல் விட்டது தம் தவறு என்றும், ஏவுதலைத் தாம் நிறுத்தியிருக்க வேண்டும் என்றும், தோல்விக்குத் தாமே பொறுப்பு என்றும் அவையறியக் கூறினார்.

அரங்கில் நெடுநேரம் அமைதி நிலவியது. பின்னர் எழுந்த தவான், கலாமையே சுற்றுப்பாதையில் ஏற்றப்போவதாக நகைச்சுவை ததும்பக் கூறிவிட்டு வெளியேறினார். கூட்டம் முடிந்தது. அந்த ஒற்றை வாக்கியத்தில், பணி தொடரும் என்பதும் அதற்குக் கலாமே தலைமையேற்பார் என்பதும் அடங்கியிருந்தன.

இங்கு நுட்பமான வேறுபாடு ஒன்றைக் கருத வேண்டும். வெளியுலகின் முன் தவான் தம் குழுவினரைக் காத்தார். அதற்காக உள்ளே தவற்றை மூடி மறைக்கவில்லை. கலாமும் தம் தவற்றை ஒப்புக்கொண்டார். அதையே காரணமாகக் காட்டிப் பணியிலிருந்து விலகி ஓடவில்லை. தலைவரே தம் தவற்றைக் கூறும் அவையில், கடைநிலைப் பணியாளரும் தாம் கண்ட குறையை அச்சமின்றிக் கூறுவார். குறைகள் வெளிப்பட்டால்தான் அவற்றைத் திருத்த இயலும். ஆள்பவர் தம் குற்றத்தை முதலில் நீக்கிக்கொள்ள வேண்டும் என்னும் கருத்தைத் திருக்குறளின் ‘குற்றங்கடிதல்’ அதிகாரம் வலியுறுத்துவதையும் இங்கு எண்ணிப் பார்க்கலாம்.

மறு ஆண்டு

1980ஆம் ஆண்டு ஜூலை 18ஆம் நாள் காலையில் எஸ்.எல்.வி.-3 மீண்டும் விண்ணை நோக்கிப் புறப்பட்டது. இம்முறை நான்கு அடுக்குகளும் குறித்தவாறு இயங்கின. ரோகிணி செயற்கைக்கோள் சுற்றுப்பாதையை அடைந்தது. சொந்த ஏவூர்தியால் செயற்கைக்கோளை நிலைநிறுத்திய சில நாடுகளின் வரிசையில் இந்தியாவும் இடம்பெற்றது. கட்டுப்பாட்டு அறையிலிருந்து வெளியே வந்த கலாமை உடன்பணியாற்றியோர் தோள்மீது தூக்கிக்கொண்டு வலம் வந்தனர்.

அன்றும் செய்தியாளர் சந்திப்பு நடைபெற்றது. தவான் கலாமை அழைத்து, அதனை அவரையே நடத்தச் சொன்னார். தோல்வியின் நாளில் முன்னே நின்றவர், வெற்றியின் நாளில் பின்னே நின்றார். பிற்காலத்தில் குடியரசுத் தலைவராக உயர்ந்த பின்னும், தலைமைப் பண்பு குறித்து மாணவர்கள் வினவும்போதெல்லாம் கலாம் இந்நிகழ்வை எடுத்துக்கூறுவதை வழக்கமாகக் கொண்டிருந்தார்.

நம்மிடையே

ஏவூர்தித் திட்டத்தை வழிநடத்தும் வாய்ப்பு எல்லார்க்கும் கிட்டுவதில்லை. ஆயினும், வகுப்புத் தலைவர், விளையாட்டு அணித் தலைவர், ஆய்வகக் குழுவின் பொறுப்பாளர், வீட்டில் தம்பி தங்கையரை வழிநடத்தும் மூத்த பிள்ளை எனத் தலைமைப் பொறுப்பு நாள்தோறும் ஏதோ ஒரு வடிவில் நம்மை வந்தடைகிறது.

வேதியியல் ஆய்வகத்தில் நால்வர் கொண்ட குழு ஒன்றை எண்ணிப் பாருங்கள். பியூரெட்டின் அளவைக் குழுத் தலைவர் தவறாகக் குறித்துவிடுகிறார். விடை பிழையாக வருகிறது. அவர் வாய் திறக்காவிட்டால் மற்ற மூவரும் ஒருவரையொருவர் ஐயுறுவர். அல்லது எண்களைத் திருத்தி எழுதி ஆசிரியரிடம் காட்டுவர். மாறாக, அளவைத் தவறாகப் பார்த்தது தாமே என அவர் ஒப்புக்கொண்டால், பத்து நிமிடங்களில் ஆய்வை மீண்டும் செய்துவிடலாம். அவர் முகம் அப்போது சிறிது வாடக்கூடும். ஆனால், அடுத்த முறை மற்றொருவர் தவறு செய்யும்போது அவர் அதனை மறைக்கமாட்டார்.

பந்தயத்தில் தோற்ற நாளில், கடைசிப் பந்தைத் தவறவிட்ட ஆட்டக்காரர் பெரும்பாலும் தனியே அமர்ந்திருப்பார். அணித் தலைவர் அவரிடம் பெரிதாக ஒன்றும் பேச வேண்டியதில்லை. அருகே சென்று அமர்ந்து, சாப்பிடப் போகலாமா என்று கேட்டால் போதும். எங்கே தவறு நேர்ந்தது என்பதை மறுநாள் பயிற்சியின்போது சேர்ந்து ஆராயலாம்.

தெரிந்து தெளிவோம்

சதீஷ் தவான் 1920இல் ஸ்ரீநகரில் பிறந்தவர். 1972 முதல் 1984 வரை இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் தலைவராகப் பணியாற்றினார். 2002இல் அவர் மறைந்த பின், ஸ்ரீஹரிகோட்டா விண்வெளி மையத்திற்கு அவர் பெயர் சூட்டப்பட்டது.

கற்பவை கற்றபின்

1. ‘செய்தியாளர் முன்னிலையில் தவான்’, ‘அவையில் கலாம்’ – இவ்விரு நிகழ்வுகளிலும் வெளிப்படும் துணிவை ஒப்பிட்டு எழுதுக.

2. பிரம்ம பிரகாஷ் அன்று தோல்வியைப் பற்றி ஏதும் வினவாததன் காரணம் யாதாக இருக்கக்கூடும்? வகுப்பில் கலந்துரையாடுக.

3. குழுவினரைக் காப்பதற்கும் தவற்றை மறைப்பதற்கும் உள்ள வேறுபாட்டைப் பாடப்பகுதி வழி விளக்குக.

4. உங்கள் பள்ளியிலோ ஊரிலோ, தம் தவற்றை வெளிப்படையாக ஏற்றுக்கொண்ட ஒருவரைப் பற்றியும் அதனால் விளைந்த நன்மையைப் பற்றியும் ஒரு பக்க அளவில் எழுதுக.