பளபளப்பைப் பார்த்து ஏமாந்த கதை

போன மாதம் நம் மன்றப் பயிலரங்கில் எட்டுப் பேர் ஆளுக்கொரு எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர் போர்டு செய்துகொண்டு வந்தார்கள். எது நல்ல வேலை என்று சொல்வது என் பொறுப்பு. மின்னணுப் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன் அல்லவா, ‘அண்ணனுக்குத் தெரியாததா’ என்று நம்பிவிட்டார்கள். நானும் ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, கம்பிகளை நேராக வளைத்து அழகாக அடுக்கியிருந்த ஒரு தம்பிக்கு முதலிடம் கொடுத்தேன். செம்புத் தகட்டின் மேல் பாகங்களைக் குவித்து ஒட்டியிருந்த ஒரு தங்கைக்குக் கடைசி இடம்.

அப்புறம்தான் இயக்கிப் பார்த்தோம். தம்பியின் போர்டு, பக்கத்தில் கையைக் கொண்டுபோனாலே ரேடியோவில் இருந்து நழுவி ஓடியது. தங்கையுடையது அரை மணி நேரம் அசையவில்லை. அவள் ஒன்றும் சொல்லவில்லை, சிரித்தாள். அந்தச் சிரிப்புக்குத்தான் இந்தக் கட்டுரை.

கணக்கைப் பாருங்கள். 0.1 மைக்ரோஹென்ரி காயிலும் 25 பிக்கோஃபாராட் கெப்பாசிட்டரும் சேர்ந்தால் ஏறக்குறைய 100 மெகாஹெர்ட்ஸ் வரும். அதில் ஒரே ஒரு பிக்கோஃபாராட் கூடினால் 2 மெகாஹெர்ட்ஸ் இறங்கிவிடும். கிள்ளான் பள்ளத்தாக்கில் மின்னல் எஃப்.எம். 96.3, ராகா 99.3. ஏறக்குறைய ஒன்றரை பிக்கோஃபாராட் மாறினால் ஒன்றின் இடத்திலிருந்து இன்னொன்றின் மேல் போய் உட்காரலாம். பிரெட்போர்டில் பக்கத்துப் பக்கத்து வரிசைகளுக்கு நடுவிலேயே அவ்வளவு ஒளிந்திருக்கும். அதனால் பிரெட்போர்டில் செய்ததை நான் மதிப்பிடுவதே இல்லை, திரும்பச் செய்யச் சொல்லிவிடுவேன்.

கம்பியும் சும்மா கம்பி இல்லை. ஒரு சென்டிமீட்டருக்குச் சுமார் 10 நேனோஹென்ரி. மேலே சொன்ன காயிலில் அது பத்தில் ஒரு பங்கு! தம்பி அழகுக்காக ஒவ்வொரு காலையும் இரண்டு சென்டிமீட்டர் விட்டிருந்தான். தங்கை எல்லாவற்றையும் ஒட்ட நறுக்கியிருந்தாள். அவளுடைய செம்புத் தகடு முழுவதும் கிரவுண்டாக வேலை செய்தது. பேட்டரி வந்து சேரும் இடத்தில், டிரான்சிஸ்டருக்குப் பக்கத்திலேயே, 1 நேனோஃபாராட் செராமிக் கெப்பாசிட்டர் ஒன்று கிரவுண்டுக்குப் போயிருந்தது. நான் குப்பை என்று நினைத்தது அதைத்தான்.

சால்டர் விஷயத்திலும் ஏமாறக்கூடாது. ஈயம் கலந்த சால்டர் நன்றாகப் பிடித்தால் பளபளக்கும். ஈயமில்லாத சால்டரோ நன்றாகப் பிடித்திருந்தாலும் மங்கலாகத்தான் இருக்கும். ஆகவே வடிவத்தைப் பாருங்கள். சால்டர் காலிலும் செம்பிலும் சரிந்து பரவியிருந்தால் சரி. உருண்டையாக மேலே உட்கார்ந்திருந்தால் பிடிக்கவில்லை என்று அர்த்தம்.

இப்போது நான் முதலில் செய்வது, ரேடியோவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு போர்டைப் பென்சிலால் தட்டுவது. ரேடியோவில் ‘டிங் டிங்’ என்று கேட்டால் காயில் ஆடுகிறது. மெழுகு உருக்கி ஊற்றினால் அடங்கும். அடுத்து, மின்சாரத்தை 9 வோல்ட்டில் இருந்து 7-க்குக் குறைத்துப் பார்ப்பேன். வோல்ட் மாறினால் டிரான்சிஸ்டருக்குள் இருக்கும் கெப்பாசிட்டன்ஸும் மாறும், அலைவரிசையும் கூடவே போகும். 5 வோல்ட் ரெகுலேட்டர் ஒன்று போட்டால் பாதித் தொல்லை தீரும். இந்தச் சோதனைகளுக்கு ஆண்டெனா வேண்டாம். அந்த இடத்தில் இரண்டு 100 ஓம் ரெசிஸ்டர்களைப் பக்கவாட்டில் இணைத்து 50 ஓமாக வையுங்கள். எல்லாவற்றையும் பழைய மைலோ டின்னுக்குள் வைத்தால் இன்னும் நல்லது. மூடியை மூடினால் அலைவரிசை நகரும், பயப்படாதீர்கள்.

ஆண்டெனா வேண்டாம் என்பதற்குக் காரணம் இருக்கிறது. பயிலரங்கு முடிந்ததும் கோயில் நிர்வாகத்தில் இருக்கும் ஓர் அண்ணன் வந்தார். “தம்பி, திருவிழாவுக்குக் கார் நிறுத்துற இடத்துல இருக்குறவங்களுக்கும் அறிவிப்பு கேட்கணும். அந்தப் பொண்ணு செஞ்சத வச்சிடலாமா?” தங்கையின் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். எனக்கு ‘சரி’ என்று சொல்ல ஆசைதான்.

ஆனால் 108-ஐத் தாண்டினால் விமானங்களின் அலைவரிசை. 108 முதல் 118 வரை விமானத்துக்கு வழிகாட்டும் கருவிகள், அதற்கு மேல் 137 வரை விமானியின் பேச்சு. 107-இல் வைத்த போர்டில் ஒரு பிக்கோஃபாராட் குறைந்தால் அங்கே போய் நிற்கும். அசையாத போர்டாகவே இருந்தாலும் 200, 300 மெகாஹெர்ட்ஸிலும் அது கொஞ்சம் ஒலிபரப்பிக்கொண்டிருக்கும். அதை வடிகட்டும் பகுதி அந்த எட்டு போர்டுகளில் ஒன்றிலும் இல்லை. அலைவரிசை அனுமதி 1998-ஆம் ஆண்டுத் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் கீழ் வருகிறது. ஆணையத்தைக் கேட்காமல் மாட்டக்கூடாது என்று அண்ணனிடம் சொன்னேன்.

தங்கைக்கு முதலிடத்தை மாற்றிக் கொடுத்தேன். தம்பி அன்றைக்கே கால்களை நறுக்க ஆரம்பித்துவிட்டான். அண்ணன் ஒலிபெருக்கிக்கு இன்னும் ஐம்பது மீட்டர் வயர் வாங்கப் போகிறாராம்.