இரண்டு சிலிண்டர், ஒரே வாசல்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என் தங்கை மகன் ஒரு சாக்குப் பையைத் தூக்கிக்கொண்டு கரமனையில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்தான். கோவளத்தில் சுற்றுலாப் பயணிகளைக் கடலுக்கடியில் அழைத்துச் சென்று காட்டும் வேலை அவனுக்கு. பையிலிருந்து அவன் எடுத்து வைத்தது ஒரு பழைய இரட்டைக் குழாய் ரெகுலேட்டர். தேங்காய் மூடி அளவில் வட்டமான பித்தளைப் பெட்டி, அதன் இரு பக்கமும் மடிப்பு மடிப்பாக ரப்பர் குழாய், நடுவில் வாயில் கவ்வும் துண்டு. கூடவே இரண்டு சிலிண்டர்களைச் சேர்த்துப் பிணைக்கும் பழைய இணைப்புக் குழாயும் இருந்தது.

“மாமா, இது இனி ஓடுமா?” என்று கேட்டான்.

“ஓடும் மக்கா. ஆனா ஓடுறது வேற, அதை நம்பிக் கடல்ல இறங்குறது வேற” என்றேன்.

அன்று அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். நம் வீட்டுப் பிள்ளைகளில் பலர் இன்று கடல், கப்பல், எண்ணெய்க் கிணறு என்று வேலைக்குப் போகிறார்கள். அவர்களுக்கு இது பயன்படலாம்.

மூச்சு வரும் வழி

இந்தக் கருவி பிறந்த கதை சுவையானது. 1943-ல் பிரான்சில் எமில் கன்யான் என்ற பொறியாளரும் ஜாக் குஸ்தோ என்ற கடற்படை அதிகாரியும் சேர்ந்து இதை உருவாக்கினார்கள். போர்க்காலப் பெட்ரோல் தட்டுப்பாட்டில் மோட்டார் வண்டிகளை எரிவாயுவில் ஓட்டுவதற்காகக் கன்யான் ஒரு வால்வு செய்து வைத்திருந்தார். அந்த வால்வுதான் மனிதனுக்கு மூச்சுக் கொடுக்கும் கருவியாக மாறியது. அதற்கு ‘அக்குவாலங்’ என்று பெயர் வைத்தார்கள்.

நம் கடலுக்கும் அது சீக்கிரமே வந்து சேர்ந்தது. 1956-ல் திருகோணமலையில் சுவாமி மலையின் அடிவாரத்துக் கடலில் மைக் வில்சனும் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் பழைய கோணேசர் கோயிலின் இடிபாடுகளைக் கண்டார்கள். 1960-களில் தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்து விஞ்ஞானிகள் அக்குவாலங் அணிந்து மன்னார் வளைகுடாவில் இறங்கி ஆராய்ந்தார்கள். மூச்சடக்கி முத்துக் குளித்த நம் முன்னோர் ‘பார்’ என்று அழைத்த கடலடிப் பாறைத் திட்டுகளை, மூச்சு விட்டுக்கொண்டே நிதானமாகப் பார்க்கும் காலம் அப்படித்தான் வந்தது.

வேலை செய்யும் விதம் இதுதான். சிலிண்டரில் காற்று சுமார் 200 பார் அழுத்தத்தில் அடைபட்டிருக்கும். அதை அப்படியே வாயில் விட்டால் நுரையீரல் தாங்காது. ரெகுலேட்டரின் முதல் கட்டம் அதைச் சுற்றியுள்ள நீரின் அழுத்தத்தைவிட 9 அல்லது 10 பார் அதிகமாக இருக்கும் அளவுக்குக் குறைக்கிறது. இரண்டாம் கட்டத்தில் ஒரு மெல்லிய ரப்பர் தகடு இருக்கிறது. நாம் மூச்சை இழுத்ததும் அது உள்வாங்கி ஒரு நெம்புகோலை அழுத்தும். வால்வு திறந்து, நீரின் அழுத்தத்துக்குச் சமமான காற்று வரும். இழுப்பதை நிறுத்தினால் வால்வு மூடிக்கொள்ளும்.

பழைய வகையில் இந்த இரண்டு கட்டமும் முதுகுப் பக்கம், கழுத்துக்குக் கீழே உள்ள பெட்டிக்குள்ளேயே இருக்கும். வலது தோள் வழியாக வரும் குழாயில் காற்று வரும். இடது குழாயில் நாம் விட்ட மூச்சு திரும்பிப் போகும். விட்ட மூச்சை ஏன் முதுகு வரை கொண்டு போக வேண்டும்? வெளியேற்றும் வால்வும் ரப்பர் தகடும் ஒரே ஆழத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அழுத்த வித்தியாசத்தால் காற்று தானாகவே ஒழுகிக்கொண்டிருக்கும். அதற்காகத்தான்.

நான் செய்த தவறு

1986-ல் நான் ஒரு பணிமனையில் கருவி பழுது பார்ப்பவனாக இருந்தேன். இதே போன்ற ஒரு ரெகுலேட்டரைச் சுத்தம் செய்து கொடுத்தேன். வால்வு, ஸ்பிரிங், வாஷர் எல்லாம் பார்த்தேன். குழாயை மேலே துடைத்ததோடு சரி. மடிப்பை இழுத்து விரித்துப் பார்க்கவில்லை. அந்த மடிப்புக்குள் ரப்பர் வெடித்திருந்தது.

முதுகில் இரண்டு சிலிண்டரோடு அதை அணிந்து இறங்கியவருக்கு 14 மீட்டர் ஆழத்தில் வலது குழாய் கிழிந்தது. இரண்டு சிலிண்டரிலும் காற்று நிறைய இருந்தது. அவர் வாய்க்கு வந்ததோ உப்புத் தண்ணீர். கூட இறங்கியவர் நிதானம் இழக்காமல் தன் வாய்த்துண்டை மாற்றி மாற்றிக் கொடுத்து அவரை மேலே கொண்டுவந்தார். படகில் ஏறியதும் அவர் என்னைத் திட்டவில்லை. கிழிந்த குழாயை மட்டும் என் கையில் கொடுத்தார். அதை இன்னும் வைத்திருக்கிறேன். தங்கை மகனுக்கு முதலில் காட்டியது அதைத்தான்.

இரண்டு சிலிண்டர் இருந்தால் பாதுகாப்பு இரட்டிப்பு என்று நினைக்கிறோம். அது சரியல்ல. பழைய இணைப்பில் சிலிண்டர் இரண்டானாலும் காற்று வெளியே வரும் வாசல் ஒன்றுதான். அந்த வாசலில் பழுது என்றால் இரண்டு சிலிண்டர் காற்றும் வீண்.

பழுது பார்க்கும் முறை

1. பித்தளை கெடுவது அரிது. ரப்பர் கட்டாயம் கெடும். ரப்பர் தகடு, வெளியேற்றும் வால்வு, குழாய், ஓ-ரிங் எல்லாவற்றையும் புதிதாக மாற்றிவிட வேண்டும். பழைய வகைகள் பலவற்றுக்குச் சிலிக்கான் ரப்பரில் செய்த மாற்றுப் பாகங்கள் இன்று கிடைக்கின்றன.

2. பச்சைக் களிம்பு பிடித்த பித்தளைப் பாகங்களை, வெள்ளை வினிகரும் தண்ணீரும் சமமாகக் கலந்து பத்து நிமிடம் ஊற வைத்து, நல்ல தண்ணீரில் பல முறை அலச வேண்டும். அதிக நேரம் விட்டால் பித்தளை சிவந்து அரிக்கப்படும்.

3. காற்று நுழையும் இடத்து வடிகட்டியைப் பாருங்கள். பச்சையாக இருந்தால் உள்ளே உப்பு நீர் புகுந்திருக்கிறது. செம்பழுப்பாக இருந்தால் இரும்புச் சிலிண்டருக்குள் துரு இருக்கிறது. அப்போது சிலிண்டரையும் சோதிக்க வேண்டும்.

4. வால்வு உட்காரும் விளிம்பை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள். சிறு கீறல் இருந்தாலும் காற்று கசியும்.

5. வண்டிக்குப் போடும் கிரீஸ் கூடவே கூடாது. அது ரப்பரை உப்ப வைக்கும். உயர் அழுத்தத்தில் தீ ஆபத்தும் உண்டு. சிலிக்கான் கிரீஸ், அதுவும் மிகக் கொஞ்சமாகப் போதும். ஆக்சிஜன் கூடுதலாகச் சேர்த்த காற்று என்றால் அதற்கென்று தனி கிரீஸ் இருக்கிறது.

6. பூட்டிய பிறகு அழுத்தமானியைப் பொருத்தி, முதல் கட்டத்து அழுத்தத்தைச் சில நிமிடங்கள் கவனிக்க வேண்டும். முள் ஓரிடத்தில் நிற்க வேண்டும். மெல்ல மெல்ல ஏறினால் வால்வு சரியாக அடைக்கவில்லை என்று பொருள்.

7. குழாயின் ஒவ்வொரு மடிப்பையும் வெளிச்சத்தில் விரித்துப் பார்த்து, ஒரு முனையை அடைத்து, வாளித் தண்ணீரில் அமுக்கி ஊத வேண்டும். குமிழி வந்தால் தூக்கி எறியுங்கள். ஒட்டுப் போடாதீர்கள்.

கடைசிச் சோதனையைப் பயிற்சி பெற்ற ஒருவர் முன்னிலையில், ஆழம் குறைந்த நீச்சல் குளத்தில் செய்ய வேண்டும். கடல் அதற்குப் பிறகுதான்.

புதுப்பிக்க வேண்டியவை

பழைய கருவியில் காற்று எவ்வளவு மீதம் என்று காட்டும் மானி கிடையாது. சிலிண்டர் வால்வில் ஒரு கைப்பிடி இருக்கும். காற்று குறைந்து மூச்சு கடினமானதும் அதை இழுத்தால், ஒதுக்கி வைத்த கொஞ்சக் காற்று வரும். ஆனால் இறங்கும்போதே எதிலாவது மோதிக் கைப்பிடி இறங்கியிருந்தால், ஒதுக்கிய காற்றும் தெரியாமலே தீர்ந்திருக்கும். எனவே முதல் தேவை அழுத்தமானி.

இரண்டாவது தேவை, இன்னொரு வாசல். இன்றைய இணைப்புக் குழாய்களில் இரண்டு வாசலும், நடுவே மூடும் திருகும் இருக்கின்றன. ஒன்றில் பழைய ரெகுலேட்டரைப் பூட்டலாம். மற்றதில் புதிய முதல் கட்டத்தைப் பூட்டி, அதிலிருந்து அழுத்தமானிக்கும் மாற்று வாய்த்துண்டுக்கும் மிதவைச் சட்டைக்கும் குழாய் எடுக்கலாம். பழையதில் பழுது வந்தால் அந்தப் பக்கத்தை மூடிவிட்டு மறுபக்கத்தில் மூச்சு விடலாம். 1986-ல் இது இருந்திருந்தால் அந்த மனிதர் அடுத்தவர் மூச்சை எதிர்பார்த்திருக்க வேண்டாம்.

பிள்ளைகளுக்கு ஒரு கணக்கு

12 லிட்டர் சிலிண்டர் இரண்டு. அழுத்தம் 200 பார். 50 பாரை ஒதுக்கி வைத்தால் செலவழிக்கக் கிடைப்பது 12 × 150 × 2 = 3600 லிட்டர். மேலே நிமிடத்துக்கு 20 லிட்டர் மூச்சு விடுபவருக்கு, 20 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மூன்று மடங்கு என்பதால் 60 லிட்டர் வேண்டும். அப்படியானால் காற்று 60 நிமிடம் வரும்.

ஆனால் இன்று பரவலாகப் பயன்படும் ஓர் அட்டவணை 20 மீட்டரில் 45 நிமிடம்தான் அனுமதிக்கிறது. அதற்கு மேல் இருந்தால், உடலில் கரைந்த நைட்ரஜன் வெளியேற வழியில் நின்று நின்றுதான் ஏற வேண்டும். நேரே ஏறினால் அது குமிழியாகி மூட்டு வலியிலிருந்து முடக்குவாதம் வரை கொண்டுவரும். ஒரு சிலிண்டர் என்றால் 30 நிமிடத்தில் காற்றுக் குறைவே நம்மை மேலே அனுப்பிவிடும். இரண்டு சிலிண்டர் அப்படி எச்சரிக்காது. மானியையும் கடிகாரத்தையும் நாம்தான் பார்க்க வேண்டும்.

தங்கை மகன் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டான். பழைய இணைப்புக் குழாயை என்ன செய்வது என்று கேட்டான். “அலமாரியில வை, அழகா இருக்கும்” என்றேன். ரெகுலேட்டர் இப்போது என் மேசையில் கழற்றிக் கிடக்கிறது. புதிய குழாய்கள் வந்ததும் பூட்ட வேண்டும். இந்த முறை ஒவ்வொரு மடிப்பையும் விரித்துப் பார்த்த பிறகுதான் அவன் கையில் கொடுப்பேன்.