சிங்கப்பூர் எவ்வளவு தூரம்? மளிகைக்காரர் அறிய வேண்டிய கணக்கு

சென்ற மாதம் துறையூரிலிருந்து ஒரு இளம் வியாபாரி விமான டிக்கெட்டோடு என் கடைக்கு வந்தார். "ஐயா, திருச்சியில் இரவு 12.30க்குப் புறப்பட்டுக் காலை 7.00க்குச் சிங்கப்பூர் என்று போட்டிருக்கிறது. திரும்பும்போது இரவு 9.00க்குப் புறப்பட்டு 10.45க்கே திருச்சி! போக ஆறரை மணி, வர ஒன்றே முக்கால் மணியா?" என்றார். நியாயமான கேள்விதான்.

டிக்கெட்டில் அந்தந்த ஊர் நேரத்தைத்தான் அச்சிடுவார்கள். சிங்கப்பூர்க் கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணி முந்தியது. போகும்போது ஆறரையில் இரண்டரையைக் கழியுங்கள்: நான்கு மணி. வரும்போது ஒன்றே முக்காலோடு இரண்டரையைக் கூட்டுங்கள்: நாலேகால் மணி. காற்றைப் பொறுத்துக் கால் மணி கூடும், குறையும்.

பழைய ஆட்கள் சிலர் "இரண்டு மணி வித்தியாசம்தானே" என்பார்கள். அவர்கள் சொல்வதும் பொய்யல்ல. சிங்கப்பூர் தன் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளியது 1982 ஜனவரி 1-ஆம் தேதிதான்.

தூரம் ஏறக்குறைய 2,980 கிலோமீட்டர். இது காக்கை பறக்கும் தூரம். புளியஞ்சோலைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அண்ணாந்து பார்த்தால் கொல்லிமலை தலைக்கு மேலே நிற்கிறது. எங்கள் பக்கம் நடைபாதைதான். பஸ்ஸில் போக மலையைச் சுற்றிக்கொண்டு காரவள்ளி போய் 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏற வேண்டும். விமானத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. மணிக்கு 800 கிலோமீட்டர் என்று வைத்தால் மூன்றே முக்கால் மணி. ஏற, இறங்கக் கொஞ்சம் சேர்த்தால் நான்கு. எம்.வி. சிதம்பரம் கப்பல் தீப்பிடித்து நிற்கும்வரை, அதில் போனவர்களுக்கு இதே பயணம் ஏறக்குறைய ஒரு வாரம்!

ஆனால் சரக்குக்கு நான்கு மணிக் கணக்கு உதவாது. அதை நான் நஷ்டப்பட்டே கற்றேன். சில வருடங்களுக்கு முன், சிங்கப்பூரில் ஒரு கல்யாணத்துக்கு வாழை இலை அனுப்ப ஒப்புக்கொண்டேன். சீட்டில் "15-ஆம் தேதி, 00.30" என்றிருந்தது. நான் 15-ஆம் தேதி காலையில் இலை அறுத்து, மாலையில் விமான நிலையத்தில் போய் நின்றேன். விமானம் முந்தின இரவே போய்விட்டது! 00.30 என்றால் 14-ஆம் தேதி இரவு சாப்பிட்டுப் படுத்த பிறகு வரும் பன்னிரண்டரை. இலைக் கட்டுகளைக் காந்தி மார்க்கெட்டில் வந்த விலைக்குத் தள்ளினேன். கல்யாண வீட்டாருக்குப் பதில் சொன்னது அதைவிடக் கஷ்டம்.

இப்போது இப்படிக் கணக்கிடுகிறேன். 14-ஆம் தேதி காலை 6 மணிக்கு அறுப்பு. கட்டி, நனைத்து, 11 மணிக்கு வண்டி. திருச்சி 72 கிலோமீட்டர். தாவர நலச் சான்றிதழ், சுங்கம், எடை இவற்றுக்காகப் பல மணி நேரம் முன்னதாகவே சரக்கை ஒப்படைக்க வேண்டும். நள்ளிரவு 12.30க்கு விமானம். அங்கே இறங்கி, கடைக்குப் போய்ச் சேரச் சிங்கப்பூர் நேரம் பகல் 12. நமக்குக் காலை 9.30. அறுத்ததிலிருந்து இருபத்தேழரை மணி. விமானத்தில் இருந்தது அதில் நான்கே மணி. ஆகவே இலை வாடுவதும் வாடாததும் பெரும்பாலும் நம் தோட்டத்துக்கும் திருச்சிக்கும் இடையில்தான் தீர்மானமாகிறது.

அங்குள்ள கடைக்காரர் "காலை ஆறு மணிக்குப் போன் செய்யுங்கள்" என்றால், எந்த ஊர் ஆறு மணி என்று கேட்டுக்கொள்ளுங்கள். அவருடைய ஆறு மணி, நமக்கு விடியற்காலை மூன்றரை.