மூக்குக் கண்ணாடியும் இப்னுல் ஹைதமும்

நாற்பது வயதைக் கடந்தோர்க்கு வெள்ளெழுத்து வருதல் இயற்கை. இன்று வெள்ளானூரிலிருந்து ஆவடிக்குச் சென்று மீளும் பொழுதிற்குள் அதற்கு ஒரு கண்ணாடி வாங்கிவிடலாம். எழுநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னரோ, நூல் படியெடுப்போரும் நகை செய்வோரும் தையற்காரரும், கைத்திறன் முதிர்ந்து வரும் பருவத்திலேயே தொழிலைக் கைவிட நேர்ந்தது.

இத்துயர் தீர்த்த மூக்குக் கண்ணாடியை ஆக்கியவர் யார்? இப்னுல் ஹைதம் அவர்களே எனச் சிலர் மேடைகளில் முழங்கக் கேட்டிருக்கிறோம். அன்பு மிகுதியால் எழுந்த கூற்றெனினும் அது உண்மையன்று. கி.பி. 965 அளவில் பஸராவில் பிறந்து, கெய்ரோவில் நெடுங்காலம் வாழ்ந்து மறைந்த அப்பேரறிஞர் இயற்றிய 'கிதாபுல் மனாஸிர்' ஏழு பகுதிகளைக் கொண்டது. கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுவதாலேயே காட்சி உண்டாகிறது என யூக்ளிடும் தாலமியும் கொண்டிருந்த கொள்கையை அவர் மறுத்தார். பொருளிலிருந்து வரும் ஒளியே கண்ணுட் புகுகிறது என நிறுவினார். கதிரவனை உற்று நோக்கின் கண் வலிப்பதேன்? கதிர் கண்ணிலிருந்து வெளியே செல்வதாயின் அவ்வலிக்குக் காரணம் இல்லையன்றோ! ஒளி விலகலையும் ஏழாம் பகுதியில் விரித்துரைத்தார். ஆயினும், கண்ணில் அணியும் வில்லை எதனையும் அவர் செய்தார் என்பதற்குச் சான்றில்லை. செய்யாத ஒன்றை அவர்மீது ஏற்றிக் கூறுவது, செய்த பெரும்பணியை மறைப்பதாகவே முடியும்.

மூக்குக் கண்ணாடி பிறந்தது இத்தாலியில், 13ஆம் நூற்றாண்டின் இறுதியில். பைசா நகரத்துத் துறவி ஜியோர்தானோ, 1306இல் பிளாரன்சில் ஆற்றிய சொற்பொழிவில், இக்கலை தோன்றி இருபதாண்டுகள் நிறையவில்லை என்றும், முதன்முதல் அதனைச் செய்தவரைத் தாம் கண்டு பேசியதாகவும் கூறினார். பெயரை மட்டும் சொன்னாரில்லை! முதலில் வந்தவை வெள்ளெழுத்துக்குரிய குவிவில்லைகளே. கிட்டப்பார்வைக்குரிய குழிவில்லை 15ஆம் நூற்றாண்டில்தான் வழக்கிற்கு வந்தது. வில்லையின்வழி எழுத்துத் தெளிவது எதனால் என்பதைத் தீட்டிய தொழிலாளர் அறியார். இப்னுல் ஹைதமின் நூலோ இலத்தீனில் பெயர்க்கப்பட்டு அறிஞர் கைகளில் இருந்தது. அந்நூல்வழி வந்த ஒளியியல் மரபைப் பயின்ற கெப்ளர், விழித்திரையில் உருவம் வீழ்வதை 1604இல் விளக்கிய பின்னரே கைத்தொழிலும் கல்வியும் கைகோத்தன.

தென்னகத்திற்கும் இவ்வரலாற்றில் இடமுண்டு. விஜயநகரத்து வியாசதீர்த்தர் கண்ணாடியின் துணைகொண்டு ஏடு படித்த செய்தி, சோமநாதர் இயற்றிய 'வியாசயோகி சரிதம்' என்னும் வடமொழி நூலில் காணப்படுகிறது. அது 16ஆம் நூற்றாண்டின் முற்பகுதி. போர்த்துக்கீசியர் கோவாவைக் கைப்பற்றிய 1510ஆம் ஆண்டையொட்டிய காலம். கடல்வழி வணிகத்தால் அக்கண்ணாடி வந்திருக்கலாம்.

பின்னாளில் தமிழகமே கண்ணாடி செய்தது. தஞ்சையை அடுத்த வல்லத்தில் கிடைத்த படிகக் கற்களை அறுத்துத் தீட்டி வில்லையாக்கினர். ஆங்கிலேயர் காலத்தில் வல்லத்துக் கல் பெயர் பெற்று விளங்கிற்று. சாதாரணக் கண்ணாடியினும் படிகம் கடினமானது. ஆதலின் தீட்டுவதற்கு நாள் மிகப் பிடிக்கும், தீட்டி முடித்தபின் எளிதிற் கீறல் விழாது.