பேசாத் திரையின் தமிழ் உடல்: ராஜா சாண்டோவின் கலைவாழ்வும் தமிழ்த் திரை வரலாற்றெழுதியலும்

முன்னுரை

தமிழ்த் திரைப்பட வரலாறு பெரும்பாலும் 1931 அக்டோபர் 31 அன்று வெளியான 'காளிதாஸ்' படத்திலிருந்தே தொடங்கப்பெறுகிறது. பாட்டும் உரையாடலும் தமிழ்த் திரையின் இயல்புகளாகக் கருதப்படுவதால், அவை இல்லாத மௌனப்படக் காலம் ஒரு முன்னுரைப் பத்தியளவில் நின்றுவிடுகிறது. அக்காலத்தில் நடித்தோர் வாழ்வு தனித்து ஆராயப்படுவது அரிது. புதுக்கோட்டையில் பிறந்து, பம்பாய் மௌனப்படங்களின் முன்னணி நடிகராக உயர்ந்து, பின்னர்த் தமிழ்ப் படங்களின் இயக்குநராக விளங்கிய பி.கே.ராஜா சாண்டோவின் கலைவாழ்வை இக்கட்டுரை ஆராய்கிறது. குரலுக்கு இடமில்லாத ஊடகம் ஒரு தமிழ் நடிகருக்கு எதனை வழங்கியது, ஒலியின் வருகை எதனை மாற்றியது என்பன இதன் மைய வினாக்களாகும்.

பெயரும் உடலும்

ராஜா சாண்டோவின் இயற்பெயர் நாகலிங்கம். உடற்பயிற்சிக் கலையில் தேர்ந்த இவர், திரையுலகிற்குள் நுழைந்தது நாடக மேடை வழியாக அன்று. உடல் வலிமையின் வழியாகவே. இவர் ஏற்ற 'சாண்டோ' என்னும் பெயர் பிரஷ்ய நாட்டில் பிறந்த புகழ்பெற்ற உடல்வலுக் கலைஞர் யூஜின் சாண்டோவினுடையது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவில் சுற்றுப்பயணம் மேற்கொண்ட அவருடைய பெயர் நாடெங்கும் உடல்வலிமைக்கு மறுசொல்லாயிற்று. தமிழிலும் அது சிறப்புப் பெயர் என்னும் நிலையிலிருந்து பட்டப்பெயராக விரிந்தது. பிற்காலத் திரைப்படத் தயாரிப்பாளர் சின்னப்பா தேவர் 'சாண்டோ' என்னும் அடையுடன் அழைக்கப்பட்டதும், கையில்லாத உள்ளாடை இன்றுவரை 'சாண்டோ பனியன்' எனப்படுவதும் இதற்குச் சான்றுகள்.

பெயரே இங்கு ஓர் ஆய்வுத் தரவாகிறது. அக்காலத் தமிழ் மேடை நடிகரின் தகுதி குரல்வளத்தாலும் இசைப்பயிற்சியாலும் அளக்கப்பட்டது. எட்டுக்கட்டைச் சுருதியில் பாடுவோரே 'ராஜபார்ட்' வேடத்திற்கு உரியவராயினர். நாகலிங்கமோ பாடகராக அன்றி உடலால் அறியப்பட்டவர். பேசாத் திரையில் அவருக்குக் கிடைத்த இடம், தமிழ் மேடையின் அளவுகோல்களுக்கு வெளியே உருவான இடமாகும்.

பம்பாய்க் காலம்

பம்பாயில் எஸ்.என்.பதங்கரின் நிறுவனத்தில் சண்டைக் காட்சிகளில் நடிப்பவராக இவருடைய திரைவாழ்வு தொடங்கியது. 'பக்த போதனா' (1922) இவரை முதன்மைப் பாத்திரத்திற்கு உயர்த்தியது. 'வீர் பீம்சேன்' (1923) போன்ற புராணப் படங்களில் உடலமைப்பே பாத்திரத்தின் அடையாளமாயிற்று. வீமனின் ஆற்றலைச் சொல்லால் விளக்க இயலாத திரையில், அதனைக் காட்டவல்ல உடல் இன்றியமையாததாகும்.

இவருடைய வளர்ச்சி இத்துடன் நின்றிருப்பின் இவரைச் சண்டைக் கலைஞர் எனக் கூறி அமையலாம். ஆயின் 1926-இல் ஹோமி மாஸ்டர் இயக்கிய 'டெலிபோன் கேர்ள்', சந்துலால் ஷா இயக்கிய 'டைப்பிஸ்ட் கேர்ள்' ஆகியவற்றிலும், 1927-இல் வெளியான 'குணசுந்தரி'யிலும் இவர் நடித்தார். முதலிரண்டில் சுலோசனாவுடனும், மூன்றாவதில் கோஹருடனும் இணைந்தார். தொலைபேசி நிலையம், அலுவலகம், நகரத்து இல்லம் ஆகியவற்றைக் களமாகக் கொண்ட இப்படங்கள் பணிபுரியும் பெண், கணவன் மனைவி உறவு முதலிய சமகாலப் பொருள்களைத் திரைக்குக் கொணர்ந்தன. புராண வீரனின் உடல் இங்கே நகரத்துக் கணவனின் உடலாக, காதலனின் உடலாக மாறியது. அளவான அசைவும் முகக்குறிப்பும் தேவைப்பட்ட இம்மாற்றமே, பிற்காலத்தில் சமூகக் கதைகளை நோக்கி இவர் திரும்புவதற்குப் பயிற்சிக்களமாயிற்று எனக் கருதலாம்.

மௌனப்படத்தில் செய்தி எழுத்தட்டைகளால் உணர்த்தப்பட்டது. ஒரே படம் எழுத்தட்டை மாற்றத்தால் பல மொழியினரிடம் சென்றது. எழுத்தறியாதோருக்காக அரங்கில் ஒருவர் கதையை விளக்கிச் சொல்வதும் உண்டு. வில்லியனூர், பாகூர், திருவாண்டார்கோயில் முதலிய ஊர்களை உள்ளடக்கிய புதுவை ஊரகப் பகுதியிலும் வடதமிழகத்திலும் வழங்கும் தெருக்கூத்தில் கட்டியங்காரன் ஆட்டத்திற்கும் அவையோருக்கும் இடையே நிற்பதைப் போன்றதே இவ்விளக்குநரின் பணி. பார்வையாளரின் மொழி அரங்கிலேயே வழங்கப்பட்டமையால், திரையில் தோன்றும் நடிகரின் தாய்மொழி ஒரு பொருட்டாகவில்லை. புதுக்கோட்டைத் தமிழர் ஒருவர் பம்பாயின் நாயகராகவும், பாக்தாதி யூத மரபில் வந்த ரூபி மையர்ஸ் 'சுலோசனா'வாகவும் திகழ முடிந்தமைக்கு இதுவே அடிப்படை.

சென்னைக்குத் திரும்புதல்

1928-இல் 'ஸ்நேஹ ஜோதி' படத்தின்வழி ராஜா சாண்டோ இயக்குநரானார். பின்னர்ச் சென்னையில் ஆர்.பத்மநாபனின் அசோசியேட்டட் பிலிம்ஸ் நிறுவனத்தில் பணியாற்றினார். 'பேயும் பெண்ணும்' (1930), 'நந்தனார்' (1930), 'அநாதைப் பெண்' (1931) ஆகியவை இக்காலத்தில் அவர் இயக்கிய படங்களுள் குறிப்பிடத்தக்கன.

தென்னகத்தில் மௌனப்பட உருவாக்கம் ஆர்.நடராஜ முதலியாரின் 'கீசக வத'த்தோடு தொடங்கியது. பாரதக் கதைகளும் புராணங்களும் அவையோர் முன்னரே அறிந்தவையாதலால், பேச்சின்றி விளங்கத்தக்கன. அறிமுகமற்ற சமூகக் கதையை மௌனமாகச் சொல்வது அதனினும் கடினம். கதைமாந்தர் யாவர், அவர்தம் உறவு யாது என்பதனை நடிப்பும் காட்சியமைப்புமே நிறுவவேண்டும். பம்பாயில் இத்திறனைப் பயின்று வந்த ராஜா சாண்டோ சமூகச் சீர்திருத்தக் கதைகளை நாடியது, விருப்பத்தோடு தொழில்நுட்பத் தன்னம்பிக்கையையும் காட்டுகிறது. 'நந்தனார்' பக்திக் கதையாயினும், தீண்டாமையை மையப்படுத்துவதால் சமூக வினாவோடு தொடர்புடையதே.

இந்நிறுவனத்தில் இவரிடம் தொழில் பயின்றவர்களுள் ஒருவர், பின்னாளில் 'பவளக்கொடி' (1934), 'தியாகபூமி' (1939) ஆகியவற்றை இயக்கிய கே.சுப்பிரமணியம். தமிழ்ப் பேசும்படத்தின் முன்னோடியாகப் போற்றப்படும் ஒருவர் மௌனப்படப் பட்டறையில் உருவானவர் என்பது, இவ்விரு காலங்களையும் முற்றிலும் துண்டித்து எழுதும் வழக்கத்தை மறுபரிசீலனைக்கு உட்படுத்துகிறது.

ஒலியின் வருகை

1931 மார்ச்சில் 'ஆலம் ஆரா' வெளியானதும் நடிகரின் மொழி முதன்மைத் தகுதியாயிற்று. சுலோசனா இந்துஸ்தானி பயில்வதற்காகச் சிறிது காலம் ஒதுங்கியிருந்து மீள நேர்ந்தது. தமிழில் நிலைமை வேறு வகையில் கடுமையாக இருந்தது. பேச்சுத் தமிழ் தெரிந்தால் மட்டும் போதவில்லை, பாட்டும் வேண்டியிருந்தது. நாடகக் குழுக்களின் பாடகர்கள் திரையைக் கைப்பற்றினர். மௌனப்படம் தள்ளிவைத்திருந்த மேடையின் அளவுகோல் மீண்டும் அரியணை ஏறியது.

ஆயினும் ராஜா சாண்டோ மறைந்துபோகவில்லை. தமிழில் இயக்குநராகத் தம் இடத்தை வலுப்படுத்திக்கொண்டார். தொடக்ககாலத் தமிழ்ப் பேசும்படங்கள் பம்பாய், கல்கத்தா படப்பிடிப்பு நிலையங்களில் எடுக்கப்பட்டமையால், அந்நகரங்களின் தொழில்முறை அறிந்த தமிழருக்குத் தேவை இருந்தது. 1935-இல் வெளியான 'மேனகா' இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. வடுவூர் துரைசாமி ஐயங்காரின் நாவலிலிருந்து டி.கே.எஸ். சகோதரர்கள் மேடையேற்றிய நாடகமே திரைக்கு வந்தது. என்.எஸ்.கிருஷ்ணனின் திரை நுழைவும் இதனோடு தொடர்புடையது. மேடையில் வளர்ந்த ஒரு குழு கேமராவின் முன் நடிக்கப் பழகிய அனுபவத்தை அவ்வை டி.கே.சண்முகம் 'எனது நாடக வாழ்க்கை'யில் பதிவு செய்துள்ளார்.

ஜே.ஆர்.ரங்கராஜுவின் நாவலைத் தழுவிய 'சந்திரகாந்தா' (1936), மடத் தலைவர்களின் போலித்தனத்தைச் சாடிய கதை. இதில் அறிமுகமான பி.யு.சின்னப்பாவும் புதுக்கோட்டையைச் சேர்ந்தவரே. ஒரே ஊரிலிருந்து எழுந்த இருவரும் இரு திரை மரபுகளின் முகங்களாவர்: ஒருவர் உடலால் நாயகரானவர், மற்றவர் குரலால் நாயகரானவர். எம்.கே.தியாகராஜ பாகவதர் நடித்த 'திருநீலகண்டர்' (1939) படத்தையும் ராஜா சாண்டோ இயக்கினார். மேடைப் பாடகரின் புகழை வளர்க்கும் படத்தை மௌனத்திரையின் நாயகர் வழிநடத்தியதில் காலமாற்றத்தின் முரண் தெளிவாகிறது. 'ஆராய்ச்சிமணி' (1942) இவருடைய இறுதிக்காலப் படம். பாகவதரின் 'சிவகவி'யைத் தொடங்கியவரும் இவரே. கருத்து வேறுபாட்டால் விலக, எஸ்.எம்.ஸ்ரீராமுலு நாயுடு அதனை முடித்தார். இதன் பின் நெடுநாள் வாழாமல் கோயம்புத்தூரில் மறைந்தார்.

சான்றுகளின் நிலை

தென்னகத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட மௌனப்படங்கள் எடுக்கப்பட்டன. அவற்றுள் 'மார்த்தாண்ட வர்மா' (1933) ஒன்றே முழுமையாகக் காக்கப்பட்டு, புனேயிலுள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. ராஜா சாண்டோ சென்னையில் இயக்கிய மௌனப்படங்களுள் ஒன்றும் எஞ்சவில்லை. பாடலாசிரியருக்குப் பாட்டுப்புத்தகமும் பாடகருக்கு இசைத்தட்டும் எஞ்சுகின்றன. உடலால் நடித்தவருக்குப் படச்சுருளே ஆவணம். அது அழியின் அவர்தம் கலையும் உடன் அழிகிறது.

எனவே மௌனப்பட நடிகரின் வரலாறு மறைமுகச் சான்றுகளால் எழுதப்படவேண்டும். விளம்பரங்கள், துண்டறிக்கைகள், நிழற்படங்கள், இதழ் மதிப்புரைகள், சமகாலத்தவர் தன்வரலாறுகள் ஆகியன ஒருபுறம்; டி.ரங்காச்சாரியார் தலைமையில் 1927-28-இல் இயங்கிய இந்தியத் திரைப்படக் குழுவின் அறிக்கையும் சாட்சியத் தொகுதிகளும் மறுபுறம். இவற்றை இணைத்துப் படிக்கும்போது, எந்த அரங்கில் யாருக்காக எவ்வகைப் படம் காட்டப்பட்டது என்பது விளங்கும். அப்பின்னணியில் நடிகரின் இடமும் துலங்கும்.

முடிவுரை

ராஜா சாண்டோவின் கலைவாழ்வு மூன்று உண்மைகளை உணர்த்துகிறது. முதலாவது, மௌனத்திரை தமிழ் நடிகருக்கு மொழி எல்லையைக் கடந்த வாய்ப்பை அளித்தது. அத்தகைய வாய்ப்பு ஒலியின் வருகைக்குப் பின் அரிதாயிற்று. இரண்டாவது, தமிழ்ப் பேசும்படத்தின் சமூகக் கதை மரபு நாடக மேடையிலிருந்து மட்டும் வரவில்லை. பம்பாய் மௌனப்படங்களின் நகரக் கதைகளும் அதற்கு ஊற்றாயின. மூன்றாவது, பாட்டையும் வசனத்தையும் மட்டுமே சான்றாகக் கொள்ளும் வரலாற்றெழுதியல் நடிப்பின் ஒரு பகுதியையே காண்கிறது.

தமிழக அரசின் திரை விருதுகளுள் ஒன்று இவர் பெயரால் வழங்கப்படுகிறது. பெயர் நினைக்கப்படுகிறது; கலையோ காணக் கிடைக்கவில்லை. மௌனப்படக் காலத் துண்டறிக்கைகளும் நிழற்படங்களும் தனியார் பெட்டகங்களில் செல்லரிக்கும் முன் தொகுத்து அட்டவணைப்படுத்தப்படுமாயின், இந்த இடைவெளி ஓரளவேனும் குறையும். அப்பணியைத் தமிழ்த்துறைகள் மேற்கொள்வது பொருத்தமாகும். ஏட்டுச்சுவடிகளைத் தேடித் தொகுத்த பயிற்சி அவற்றுக்கு முன்னரே உண்டு.