கொலுவும் கொம்பெ ஹப்பாவும்

நவராத்திரியில் தமிழர் இல்லங்கள் பலவற்றில் கொலு வைப்பர். மைசூருவில் கன்னடர் இல்லங்களிலும் படி அமைத்துப் பொம்மைகளை அடுக்குவர். அதனைக் 'கொம்பெ ஹப்பா' என்பர். நம் கொலுவில் மரப்பாச்சி இணை இடம்பெறும். அவர்கள் படியில் அரசன், அரசி வடிவிலான 'பட்டத கொம்பெ' இணை இடம்பெறும்.

கொலுவைக் காண வந்த பள்ளித் தோழர், "இதன் பெயர் என்ன?" என வினவினால், விடையறியாது விழிக்கலாமா? 'மரப்பாச்சி' என்று தமிழில் கூறுவோம். அவர்தம் சொல்லையும் கேட்டறிவோம். தம் சொல்லை மறந்தவர் பிறர்க்கு எதனைக் கொடுப்பார்?

அறிந்துகொள்க: பகர வரிசையில் தொடங்கும் தமிழ்ச் சொற்கள் பல, கன்னடத்தில் ஹகர வரிசையில் தொடங்கும்.
பால் – ஹாலு
பத்து – ஹத்து

பயிற்சி: பல், பூ, பாம்பு ஆகியவற்றுக்குரிய கன்னடச் சொற்களைத் தோழரிடம் கேட்டு எழுதுக.