கிட்னி சீட்டைப் படிப்பது எப்படி?



டயாலிசிஸ் உதவி கேட்டு நம் டிரஸ்டுக்கு வருகிறவர்கள் மனுவோடு ஒரு மஞ்சள் பையையும் கொண்டு வருவார்கள். சென்ற மாதம் ஸ்ரீரங்கத்திலிருந்து ஓர் அம்மா தம் கணவருக்காக வந்தார்கள். அவருக்குப் பதினைந்து வருடச் சர்க்கரை. பையிலிருந்த சீட்டுகளைத் தேதி வாரியாக அடுக்கினேன். நான்கு வருடத்துக்கு முந்தைய சிறுநீர்ச் சீட்டில் ‘அல்புமின்’ என்பதற்கு நேரே இரண்டு கூட்டல் குறி. அடுத்த வருடச் சீட்டிலும் அதேதான்.

“இது என்னவென்று கேட்டீர்களா அம்மா?”

“சுகர் எவ்வளவுன்னு மட்டும் கேட்டுக்குவோம் பாய். மத்ததெல்லாம் இங்கிலீஷ்ல இருக்கும்.”

இப்போது அவருக்கு வாரம் இருமுறை டயாலிசிஸ். கூலி வேலைக்குப் போகிற மகன் அந்த இரண்டு நாளும் விடுப்பு.

நான் மருத்துவன் அல்லன். ஆனால் சீட்டில் எந்த வரியைப் பார்க்க வேண்டும், டாக்டரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதை யாரும் கற்றுக்கொள்ளலாம். புத்தூர் மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனையின் ஓ.பி. வரிசையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஒரு நோயாளிக்கு டாக்டரால் எத்தனை நிமிடம் ஒதுக்க முடியும் என்பது. அந்த நிமிடத்துக்குத் தயாராகப் போவது நம் வேலை.

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் 10 லட்சம் நுண்ணிய வடிகட்டிகள் உள்ளன. வடிகட்டி கிழிந்தால் டம்ளரில் தேயிலைத் தூள் இறங்குவதுபோல, சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இவற்றைச் சேதப்படுத்தினால் ரத்தத்தில் இருக்க வேண்டிய அல்புமின் என்ற புரதம் சிறுநீரில் இறங்கும். வலிக்காது. கால் வீக்கமும் வாந்தியும் பெரும்பாலும் கடைசிக் கட்டத்தில்தான் வரும். “எனக்கு ஒன்றும் செய்யவில்லையே” என்பது இந்த நோயில் நம்ப முடியாத சாட்சி.

ஆகவே சர்க்கரை உள்ளவர் வருடத்துக்கு ஒரு முறையாவது இரண்டு பரிசோதனை செய்ய வேண்டும். ஒன்று, சிறுநீரில் அல்புமின்-கிரியாட்டினின் விகிதம். 30-க்குக் கீழ் இருந்தால் சரி. 30 முதல் 300 வரை கசிவின் தொடக்கம். அதற்கு மேல் கசிவு அதிகம். காய்ச்சலோ நீர்க்கடுப்போ இருக்கும்போது எடுத்தால் தவறாகக் கூடிக் காட்டலாம். மறுபடி எடுத்துத்தான் உறுதி செய்வார்கள். ஒரு சீட்டைப் பார்த்து மனம் உடைய வேண்டாம்.

இன்னொன்று, ரத்தத்தில் கிரியாட்டினின். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். கிரியாட்டினின் தசையிலிருந்து வரும் கழிவு. தசை குறைந்த வயதானவர்களுக்கு அது குறைவாகவே உண்டாகும். முப்பது வயது வாலிபருக்கு 1.2 இருந்தால், சிறுநீரகம் வடிகட்டும் அளவு கணக்குப்படி 83 அளவில் வரும். அதே 1.2 அறுபத்தைந்து வயதுப் பெண்ணுக்கு இருந்தால் 50 தான். இருவருடைய சீட்டிலும் ஒரே எண்! இந்த வடிகட்டும் அளவைத்தான் ‘இ.ஜி.எஃப்.ஆர்.’ என்று எழுதுவார்கள். அது மூன்று மாதத்துக்கு மேல் 60-க்குக் கீழேயே இருந்தால் நாள்பட்ட சிறுநீரக நோய். சீட்டில் அந்த வரி இல்லையென்றால், “என் வயதுக்கு ஜி.எஃப்.ஆர். எவ்வளவு டாக்டர்?” என்று கேளுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு ஏதுமில்லை.

கசிவு தெரிந்தால் எனலாப்ரில், டெல்மிசார்டன் போன்ற மாத்திரை எழுதுவார்கள். “எனக்கு பிரஷரே இல்லை, எதற்கு பிரஷர் மாத்திரை?” என்று நிறுத்தியவர்களை நானே பார்த்திருக்கிறேன். அது வடிகட்டியின் மேல் உள்ள அழுத்தத்தைக் குறைத்துக் கசிவைத் தணிக்கிறது. தொடங்கிய பின் ரத்தப் பரிசோதனைக்கு வரச் சொன்னால் தவறாமல் போக வேண்டும். இன்னொரு பக்கம், மூட்டு வலிக்கு மெடிக்கலில் நாமே கேட்டு வாங்கும் டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் போன்றவை பழுதான சிறுநீரகத்தை மேலும் கெடுக்கும். டாக்டரிடம் சொல்லாமல் விழுங்கும் நாட்டு மருந்தும் அப்படித்தான். லேகியத்தை மறைத்துவிட்டு மாத்திரையை மட்டும் காட்டுவதில் நம் பெரியவர்கள் கெட்டிக்காரர்கள்.

நோன்பு பற்றியும் கேட்கிறார்கள். நோயாளிக்கு மார்க்கம் தந்த சலுகை அல்பகரா 185-ம் வசனத்திலேயே இருக்கிறது. வேறு நாட்களில் ஈடு செய்வதா, ஃபித்யா கொடுப்பதா என்று ஆலிமிடம் கேட்கப் போகும்போது, டாக்டர் என்ன சொன்னார் என்பதையும் தெரிந்துகொண்டு போங்கள். ஆலிம் முதலில் அதைத்தான் கேட்பார். ரமலானுக்கு ஒன்றிரண்டு மாதம் முன்பே பரிசோதனை செய்தால் மாத்திரை நேரத்தை மாற்றித் தர அவகாசம் இருக்கும்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. நல்ல ஏற்பாடு. ஆனால் மாத்திரை வீடு தேடி வருகிறது என்று பரிசோதனைக்குப் போவதை விட்டுவிடாதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை அஸர் தொழுகைக்குப் பின் டிரஸ்ட் அலுவலகத்தில் சீட்டுகளைத் தேதி வாரியாக அடுக்கி, டாக்டரிடம் கேட்க வேண்டியதைத் தமிழில் எழுதித் தருகிறோம். எந்தச் சமுதாயத்தவரும் வரலாம். பழைய சீட்டுகளைக் கிழித்துவிடாமல் பையோடு கொண்டு வாருங்கள்.